மீண்டும் முதலிலிருந்து: மனநல வைத்தியத் துறையின் ஊழியர் நிர்வாகம் பற்றி

கீழ்பென்னாத்தூரிலிருந்து மனநோய்க்கு வைத்தியம் தேடிப் புறப்படுகிறவர்களுக்குத் திசைகள் பல உண்டு. மேற்கே, சோமாசிபாடியைக் கடந்தால், 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வடக்கே சென்றால் அடுக்கம்பாறையில் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரியும், அதையும் தாண்டிப் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும். கிழக்கே செஞ்சிச் சாலையைப் பிடித்தால் ஒரு பக்கம் முண்டியம்பாக்கத்து விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் புதுச்சேரி ஜிப்மர். இவற்றுள் ஒன்றுக்கு, அதன் பெயர் இக்கட்டுரைக்கு அவசியமன்று, எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனை மாதந்தோறும் அழைத்துச் செல்வதுண்டு. துணைக்கு ஆள் இல்லாத மாதங்களில் நானும் உடன் போயிருக்கிறேன். அந்த மகனுடைய சிகிச்சைக் குறிப்புகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதப்பட்டிருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் புரட்டிப் பார்த்தபோது, மருந்தின் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்க, எழுதிய கைகள் மட்டும் சில பக்கங்களுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே வந்ததைக் கவனித்தேன். புதிய கையெழுத்து தொடங்கும் இடங்களிலெல்லாம் நோயின் வரலாறு இரண்டு வரியில் திரும்பவும் முதலிலிருந்து எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அது முன்னையதைவிடச் சற்றுக் குறுகியிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து சொல்லணும்" என்று அந்த அம்மாள் குறைப்பட்டுக்கொண்டது இந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது. அது வைத்தியர்மீது கூறிய குறையன்று. வந்த வைத்தியர்கள் அனைவரும் பொறுமையாகவே கேட்டார்கள். குறை வைத்தியரிடத்தில் இல்லாமல், வைத்தியரை அந்த நாற்காலியில் அமர்த்துகின்ற, அமர்த்திய சிறிது காலத்துக்குள் எழுப்பி வேறிடத்துக்கு அனுப்புகின்ற நிர்வாக ஏற்பாட்டில் இருக்கிறது என்பதும், மற்றத் துறைகளுக்கு அசௌகரியமாக மட்டுமே அமைகின்ற அந்த ஏற்பாடு மனநல வைத்தியத் துறைக்கு மாத்திரம் சிகிச்சையின் வேரிலேயே ஊறு விளைவிக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். அதை நிலைநாட்டும் பொருட்டே இதை எழுதுகிறேன்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் துறைதோறும் சென்று பார்ப்பவருக்கு ஒரு விஷயம் எளிதில் புலப்படும். அறுவைச் சிகிச்சைத் துறைக்கு அரங்கமும் கருவிகளும் உண்டு. கண் துறைக்கு நுண்ணோக்கிகள் உண்டு. கதிரியக்கத் துறை முழுவதும் யந்திரங்களால் ஆனது. மனநலப் பிரிவின் புறநோயாளி அறையில் இருப்பவை ஒரு மேசையும் மூன்று நான்கு நாற்காலிகளும்தாம். நோயைக் கண்டுபிடிப்பதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை, படமும் இல்லை. நோயாளியும் அவரை அழைத்து வந்தவரும் சொல்வதைக் கேட்டு, சொல்லாமல் விட்டதை ஊகித்து, சென்ற மாதம் இருந்த முகத்தோடு இந்த மாதத்து முகத்தை ஒப்பிட்டு அறிய வேண்டியிருக்கிறது. சென்ற மாதத்து முகத்தைக் கண்டவர் இந்த மாதமும் இருந்தால்தானே ஒப்பிட முடியும்? இங்கே கருவி என்பது மனிதரே. ஆகையால் அந்த மனிதரை நியமிப்பதும், மாற்றுவதும், அவருக்குப் பதில் ஆள் அனுப்பாமல் இடத்தைக் காலியாக வைத்திருப்பதும் வெறும் அலுவலகக் காரியங்கள் ஆகமாட்டா.

இந்த உண்மையை ஐரோப்பாவில் முதன்முதலில் நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் பாரிஸ் நகரத்து வைத்தியர் பிலிப் பினெல். பைத்தியக்காரர்களின் சங்கிலியை அறுத்தவர் என்று சரித்திர நூல்கள் அவரைப் போற்றுகின்றன. ஆனால் 1793-இல் அவர் பிசேத்ர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மனநோயாளர் பகுதியை ஏற்கெனவே அன்போடும் ஒழுங்கோடும் நடத்திக்கொண்டிருந்தவர் ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸேன் என்னும் மேற்பார்வையாளர். இவர் வைத்தியம் படித்தவரல்லர். கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற வந்து அந்த ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டவர். குணமடைந்தவர்களிலிருந்து பொறுக்கி எடுத்துத் தம் சிப்பந்திகளை அமைத்துக்கொண்டவர். அச்சிப்பந்திகள் நோயாளியை அடிக்கலாகாது என்று கண்டிப்பாக விதித்தவர். பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டதை மறைக்கவில்லை. 1795-இல் பினெல் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். பிசேத்ரில் தங்கிய புஸ்ஸேன் 1797-இல் அங்கே சங்கிலிகளை அகற்றினார். புதிய இடத்தில் பினெலுக்குப் பதவி இருந்தது, கீர்த்தி இருந்தது, அதிகாரம் இருந்தது. ஆனால் புஸ்ஸேன் இல்லை. அவரைத் தம்மிடம் மாற்றித் தரும்படி அவர் அதிகாரிகளை வேண்டி, 1802-ஆம் ஆண்டில்தான் அது கைகூடிற்று. ஒரு மேற்பார்வையாளரை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அதே நகரத்தின் இன்னோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஏழு ஆண்டுகள்! மனநல வைத்தியத்தின் ஆரம்ப அத்தியாயத்திலேயே பணியிட மாறுதல் என்னும் விவகாரம் இவ்வளவு பெரிய இடத்தைப் பெற்றிருக்கிறது. சங்கிலியை அகற்றுவதென்றால் அது செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும் என்பதைப் பினெல் அறிந்திருந்தார் என்பதே இதன் பொருள்.

ஆள் இல்லாத இடத்துக்குச் சங்கிலி திரும்பி வந்துவிடும் என்பதை நம் நாட்டில் நாம் கண்கூடாகக் கண்டோம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு தனியார் மனநோயாளர் விடுதி தீப்பற்றி எரிந்தபோது, கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வூர்த் தர்கா வளாகத்தைச் சுற்றி அப்படிப்பட்ட விடுதிகள் வளர்ந்ததற்கு மூட நம்பிக்கையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தோர் பலர். நம்பிக்கையோடு போனவர்களும் உண்டுதான். ஆனால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேட்க ஒருவரும் இல்லாதபடியால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

சென்னையின் வரலாறு இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியத்தையும் தருகிறது. கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் 145 நோயாளிகளோடு திறக்கப்பட்ட அரசாங்கப் பைத்திய ஆஸ்பத்திரி, 1922-இல் மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறி, பிற்காலத்தில் மனநலக் கழகமாகிச் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்து முதுநிலை மாணவர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடமாயிற்று. சுதந்தரத்துக்கு முந்திய ஆண்டில், 1946-இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியாரின் அறிக்கை வெளிவந்தபோது, நாற்பது கோடி ஜனத்தொகைக்கு மனநோயாளர்க்கென்று சுமார் 10,000 படுக்கைகள், அதாவது 40,000 பேருக்கு ஒரு படுக்கைதான் இருக்கிறது என்றும், இங்கிலாந்திலோ 300 பேருக்கு ஒன்று இருக்கிறது என்றும் காட்டினார்கள். படுக்கைகளைக் காட்டிலும் அரிதாயிருந்தவர்கள் பயிற்சி பெற்ற வைத்தியர்கள். அக்குறையைத் தீர்ப்பதற்காகவே 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் நிறுவப்பட்டது. அங்கே பயின்று வந்தவர் டாக்டர் சாரதா மேனன்; இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுகிறவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராக அவர் இருந்தார்.

பதினேழு ஆண்டுகள் என்னும் இந்தக் கணக்கில் நான் சற்று நின்று நிதானிக்க விரும்புகிறேன். அடைத்து வைக்கும் இடமாயிருந்ததைப் புறநோயாளிப் பிரிவும் தொழிற்பயிற்சியும் மறுவாழ்வு ஏற்பாடும் கொண்ட வைத்தியசாலையாக மாற்றியது அவருடைய திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் அதே திறமையுள்ள ஒருவர் இரண்டாண்டு இருந்துவிட்டுப் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு பெரிய மனநோய் மருத்துவமனையில் பழைய சிப்பந்திகளின் மனப்போக்கு மாறுவதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும். குடும்பத்தார் வந்து அழைத்துப்போகத் துணிவதற்கு மேலும் சில ஆண்டுகள் வேண்டும். ஓய்வுக்குப் பின்னர் 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் ஸ்கிஸோபிரினியா ஆராய்ச்சி நிறுவனத்தை அவர் தோற்றுவிக்க முடிந்ததும் அந்த நீண்ட அநுபவத்தின் பயனே.

இன்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையை எடுத்துக்கொள்வோம். அதற்கு யஜமானர்கள் நால்வர். பாடத்திட்டமும் பரீட்சையும் பட்டமும், 1988-இல் செயற்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கையில். எத்தனை ஆசிரியர் இருக்கவேண்டும் என்னும் விதி டில்லியில் இருக்கிற தேசிய மருத்துவ ஆணையத்தினுடையது. சம்பளமும் நியமனமும் பதவி உயர்வும் மாறுதலும் சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி இயக்குநரகமும் அரசாங்கச் செயலகமும் பார்த்துக்கொள்பவை. அன்றாட வேலைப் பங்கீடு கல்லூரி முதல்வரையும் ஆஸ்பத்திரி நிர்வாகத்தையும் சேர்ந்தது. துறைத் தலைவர் என்று கதவில் பெயர் எழுதியிருக்கிறவரோ, தம் துறைக்கு ஒரு செவிலியரைக்கூடத் தாமாக நியமித்துக்கொள்ள முடியாதவர். வார்டு செவிலியர் சுழற்சி முறையில் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுவார்கள். துப்புரவும் காவலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களிடம் இருக்கும். முதுநிலை மாணவர்கள் மூன்று ஆண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். நோயாளியின் முன் உண்மையில் அதிக நேரம் அமர்ந்திருப்பவர் அந்த முதுநிலை மாணவர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நோட்டில் கையெழுத்து ஏன் மாறிக்கொண்டே இருந்தது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

மற்றப் பாதி விடை எண்ணிக்கை விதியில் இருக்கிறது. ஆணையத்தின் கணக்கு பெரும்பாலும் மாணவர் சேர்க்கையை அடிப்படையாகக் கொண்டது: இத்தனை மாணவருக்கு இத்தனை ஆசிரியர். புறநோயாளி வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் மிகச் சிறிய இடத்தையே பெறுகிறது. 2019 அக்டோபர் 25-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், ஊதியக் கோரிக்கையோடு கூட, மருத்துவர் பணியிடங்களை மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்காமல் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும் என்பதும், மாறுதல் கலந்தாய்வு வெளிப்படையாக நடைபெற வேண்டும் என்பதும் கோரிக்கைகளாக இருந்தன. பத்திரிகைகள் ஊதியத்தைப் பற்றி விரிவாகவும் மற்றதைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதின. என் நோக்கில் அந்தச் சுருக்கமாக எழுதப்பட்டதே பொதுஜனங்களுக்கு அதிகம் சம்பந்தப்பட்டது.

மனநலத் துறைக்கு இந்த மாணவர்க் கணக்கு இன்னும் ஒரு வகையில் பாதகமானது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல வைத்தியம் தனிப் பரீட்சைக்குரிய பாடமன்று. பொது மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே வினாத்தாளில் இடம்பெறுகிறது. தனித்தாள் இல்லாத பாடத்துக்கு மாணவர் அதிகம் படிப்பதில்லை. ஆசிரியரும் அதிகம் வேண்டுவதில்லை என்று விதி வகுப்பவர்கள் கருதிவிடுகிறார்கள். ஆகவே சிறிய துறையாகவே அது வைக்கப்படுகிறது. சிறிய துறையில் ஒருவர் விடுப்பில் போய், மற்றொருவர் மாற்றுப்பணியில் வேறு கல்லூரிக்கு அனுப்பப்பட்டால், எஞ்சியிருப்பவர் ஒருவரே. ஆய்வுக் குழு வரும் நாளில் ஆசிரியர் தொகையைச் சரிகட்டுவதற்காக ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மருத்துவர்களை மாற்றும் வழக்கம் நாடெங்கும் பலமுறை கண்டிக்கப்பட்டது. அதைத் தடுக்கவே ஆதாரோடு இணைந்த விரல்ரேகை வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. வருகைப் பதிவு ஒருவர் இன்று இருக்கிறாரா என்பதைக் காட்டும். சென்ற ஆண்டும் அவரே இருந்தாரா என்பதை எந்த விதியும் இதுவரை கேட்கவில்லை.

இதனிடையே சட்டமோ வெகு தூரம் முன்னே போய்விட்டது. 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டத்தை நீக்கி வந்தது 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அதையும் நீக்கி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நோயாளியின் உரிமையை நடுநாயகமாக வைத்த இந்தச் சட்டத்தை நான் மனமார வரவேற்கிறவன். ஆனால் அதன் விதிகள் ஒவ்வொன்றும் ஓர் ஊழியரை எதிர்பார்த்து நிற்கின்றன. தன்னிலை உணராத ஒருவரை ஆதரவுடன் கூடிய சேர்க்கையாக உள்ளே எடுப்பதற்கு 89-ஆம் பிரிவின்படி இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் மனநல மருத்துவராகவே இருக்க வேண்டும். மின்னதிர்வுச் சிகிச்சையைத் தசைத் தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இன்றிச் செய்வதை 95-ஆம் பிரிவு தடுக்கிறது; அது மிகவும் நியாயமான தடை. ஆனால் அதன் விளைவாக, அந்தச் சிகிச்சை வேண்டிய காலைகளிலெல்லாம் ஒரு மயக்கவியல் வைத்தியரை அறுவை அரங்கிலிருந்து இரவல் பெறவேண்டியிருக்கிறது. அரங்கிலோ பிரசவமும் விபத்தும் காத்துக்கொண்டிருக்கும். சித்த வைத்தியத்தில் சிறப்பு மருத்துவம் என்னும் முதுநிலைப் பட்டம் பெற்றோரையும் மனநலப் பணியாளர் என்னும் வரையறைக்குள் இச்சட்டம் சேர்த்திருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டார் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆள் பஞ்சம் நிலவும் காலத்தில் அவ்வரையறையைப் பயன்படுத்துவது பற்றி யோசிக்கலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது 31-ஆம் பிரிவு. ஜனத்தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர் தொகை சர்வதேச அளவுகோலை எட்டுவதற்கு, சட்டம் தொடங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அரசுகள் முயலவேண்டும் என்று அது கூறுகிறது. கணக்குப்படி அந்தத் தவணை 2028 மே மாதத்தில் முடிகிறது. இந்தியாவில் லட்சம் பேருக்குச் சுமார் 0.75 மனநல மருத்துவரே உள்ளனர் என்பதும், குறைந்தது மூவராவது வேண்டும் என்பதும் துறையினர் வழக்கமாகக் கூறும் எண்கள். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜனத்தொகை 24,64,875. நாட்டின் சராசரி இங்கே அப்படியே பொருந்துவதாக வைத்துக்கொண்டால் மாவட்டத்துக்குப் பதினெட்டு மனநல மருத்துவர்கள். விரும்பத்தக்க அளவின்படி எழுபத்துநான்கு பேர். மனநல மருத்துவர்கள் பெருநகரங்களில் கூடி வாழ்கிறார்கள் ஆகையால் சராசரி நம் ஊருக்குப் பொருந்தாது என்பது யாவரும் அறிந்ததே. 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டையும் உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் ஆராய்ந்து, மனநோயுற்றோரில், நோயின் தன்மைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்று கண்டது. எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறிப் போகும் அந்தத் தாயும் மகனும் பாக்கியமுள்ள சிறுபான்மையைச் சேர்ந்தவர்கள்.

ஆள் பற்றாக்குறைக்கு நம் நாட்டிலேயே தோன்றிய ஒரு பரிகாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராயிருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை ஆஸ்பத்திரி மைதானத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய வேலூர் மனநல மையமும், நோயாளியோடு உறவினர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும் என்னும் முறையை மேற்கொண்டது. சிறு வீடுகளைப் போன்ற அறைகளில் தாயோ தகப்பனோ மனைவியோ கூடத் தங்கி, சமைத்துக் கொடுத்து, மருந்தைக் கொடுக்கும் முறையையும் நோயின் அறிகுறிகளையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். மேல்நாட்டாரும் வந்து பார்த்து வியந்த முறை இது. இதில் நிர்வாகச் சிக்கனமும் உண்டு, ஆழ்ந்த வைத்திய ஞானமும் உண்டு: ஆஸ்பத்திரியில் மாறாத ஊழியர் ஒருவர் கிடைக்காவிட்டால், இம்முறை வீட்டிலிருந்தே மாறாத ஒருவரை அழைத்து வந்துவிடுகிறது.

ஆயினும் இம்முறையைச் சிப்பந்தி நியமனத்துக்குப் பதிலாகக் கருதிவிடுவது தவறு. நடவுக் காலத்திலோ மல்லாட்டை பறிக்கும் காலத்திலோ கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பம் ஒன்றிலிருந்து ஒருவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதென்றால், அவருடைய கூலியும், வீட்டில் விட்டுவந்த குழந்தைகளின் சோறும் கூடவே உட்கார்ந்துவிடும். உறவினர் செய்யும் ஊழியத்துக்குச் சம்பளப் பட்டியல் இல்லை என்பதால் அதற்குச் செலவே இல்லை என்று ஆகாது. மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர் துறையில் இருந்தால், அந்தக் குடும்பத்தின் நிலைமையைக் கேட்டறிந்து, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு ஒரு முறை வந்தும் பார்ப்பார். அந்தப் பணியிடந்தான் பல இடங்களில் முதலில் காலியாகிக் கடைசியில் நிரப்பப்படுகிறது. 1996-இல் இந்தியாவில் நான்கு மாவட்டங்களில் தொடங்கி, அவற்றுள் ஒன்றாகத் திருச்சிராப்பள்ளியையும் கொண்டிருந்த மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவரோடு உளவியலாளரையும் சமூகப் பணியாளரையும் செவிலியரையும் ஒரு குழுவாக அனுப்ப எண்ணியது மிக நல்ல எண்ணம். ஒப்பந்த அடிப்படையில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் வேலையில் நிலைத்திருக்க எவரால் முடியும் என்பதை மட்டும் எண்ண மறந்துவிட்டார்கள்.

ஊழியர் மிகுந்தாலும் நிர்வாகம் கெடும் என்பதற்குச் சிதம்பரம் உதாரணம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, ஒரு பல்கலைக்கழகமே நேரடியாக யஜமானராயிருந்து நடத்திய மருத்துவக் கல்லூரி. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரல்லாத ஊழியர் அளவுக்கு மீறிப் பெருகி, நிதி நெருக்கடி முற்றி, 2013-இல் அரசாங்கம் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. மிகையான ஊழியர் பின்னர் வேறு அரசுத் துறைகளுக்கு அனுப்பப்பட்டனர். கட்டண உயர்வை எதிர்த்து மாணவர் நடத்திய நீண்ட போராட்டத்தின் பின் 2021-இல் கல்லூரி சுகாதாரத் துறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஒரு ஸ்தாபனத்தில் எழுத்தர் மிகுந்திருக்க, நோயாளியின் அருகில் இருப்போர் குறைந்திருக்கலாம் என்பதைத் தவிர இதைப் பற்றி நான் அதிகம் கூறவேண்டியதில்லை.

நிலைத்த ஆட்கள் இருந்தால் ஒரு பல்கலைக்கழகத் துறை எதைச் சாதிக்கும் என்பதை இனிக் காண்போம். ஜெர்மனியில் எமில் கிரேப்பெலின், ஹைடல்பெர்க் சர்வகலாசாலையில், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, ஆண்டுக்கணக்கில் அந்த நோய் எப்படிப் போகிறது என்று குறித்து வந்தார். இன்று ஸ்கிஸோபிரினியா என்றும் இருமுனை நோய் என்றும் நாம் பிரித்துச் சொல்லும் பாகுபாட்டுக்கு மூலம் அந்த அட்டைகளே. நோயின் பெயரே காலத்தைப் பொறுத்தது. இன்றைக்குப் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும் இருவர் ஐந்து ஆண்டுக்குப் பின் வெவ்வேறு நோயாளிகளாக விளங்குவார்கள்.

நம் சென்னையிலும் அதற்கு ஈடான ஒரு காரியம் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை, வேலூர், லக்னோ ஆகிய இடங்களில் தொடங்கிய ஓர் ஆய்வின் பகுதியாக, 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் 90 பேர், ஸ்கிஸோபிரினியா முதன்முறையாகத் தோன்றிய நிலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். திட்டத்துக்குரிய காலம் முடிந்த பின்னும் டாக்டர் ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் அவர்களை விட்டுவிடவில்லை. பத்தாண்டு கழித்தும் 76 பேரைத் தேடிப் பார்த்தார்கள், இருபது ஆண்டுகளைக் கடந்தும் தொடர்ந்தார்கள். வீடு மாறி, ஊர் மாறி, திருமணமாகிப் பெயர் மாறிப் போகும் நகரத்தில் பத்தாண்டுக்குப் பின் ஒரு நோயாளியைக் கண்டுபிடிப்பது எளிதா? முகவரி மட்டும் போதாது. அந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது உள்ளிருப்பவர் அடையாளம் கண்டுகொள்ளும் முகம் ஒன்று வேண்டும். நம் நாட்டு நோயாளிகளில் பலர் நலமடைந்து வேலைக்கும் இல்வாழ்வுக்கும் திரும்புகிறார்கள் என்னும் நம்பிக்கையூட்டும் செய்தி உலகத்துக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட முகங்களால்தான்.

கடல் கடந்த தமிழரிடையே இதன் உச்சமான உதாரணம் யாழ்ப்பாணம். 1978-இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போதனா வைத்தியசாலையின் மருத்துவராகவும் இருந்து, இலங்கை உள்நாட்டு யுத்தத்தின் நீண்ட பகுதியில் வட பிரதேசம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே மனநல வைத்தியராகப் பணி செய்தார். ஒரு துறையின் பணியிடப் பட்டியலில் எஞ்சியிருப்பது ஒரு பெயர் என்றால் நிர்வாகி என்ன செய்வார்? புதிய நியமனம் கேட்டு எழுதுவார். யுத்தக் காலத்தில் விடை வராது. அங்கே செய்தது வேறு. ஆசிரியர்களையும், கிராமத்து ஊழியர்களையும், சமயப் பணியாளர்களையும் பயிற்றுவித்து, தமிழிலேயே கைநூல்கள் எழுதி, கேட்கத் தெரிந்த காதுகளைப் பெருக்கினார்கள். பின்னாளில் இலங்கைச் சுகாதார அமைச்சு, முழு நிபுணர் அல்லாத மருத்துவர்களுக்கு மனநல மருத்துவ அலுவலர் என்னும் பதவியை வகுத்துப் புற மாவட்டங்களுக்கு அனுப்பியது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது பொருந்துமா என்று ஆராய்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரே மனிதரின் தோளில் ஒரு பிரதேசத்தை ஏற்றிவிட்டு அதை முன்மாதிரி என்று கொண்டாடுவதற்கு நான் உடன்படமாட்டேன். அந்தத் தியாகம் வணக்கத்துக்குரியது, விதியாக எழுதத்தக்கதன்று.

மாறுதலே கூடாது என்று நான் வாதிக்கவில்லை. வைத்தியருக்கும் குடும்பம் உண்டு. பிள்ளைகளின் படிப்பு, வயோதிகப் பெற்றோர், சொந்த ஊர் என்னும் நியாயங்கள் உண்டு. பணிமூப்பின்படி நடைபெறும் கலந்தாய்வு, சிபாரிசுக்கு இடங்கொடாத நல்ல ஏற்பாடு. நான் கேட்பவை சிறியவை. மனநலத் துறைக்கு நியமிக்கப்படும் செவிலியர், அதற்குரிய பயிற்சி பெற்றபின், குறைந்தது மூன்று ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும். மனநலச் சமூகப் பணியாளரின் இடம் ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரத்துக்கு மாறவேண்டும். பணியிடத் தொகையை நிர்ணயிக்கும்போது, ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் தேவை என்பதை மற்றத் துறைகளின் அளவால் அல்லாமல் இந்தத் துறையின் அளவால் கணக்கிட வேண்டும். மாற்றலாகிப் போகிறவரும் புதிதாக வருகிறவரும் இரண்டு வாரம் ஒரே அறையில் சேர்ந்து உட்கார அரசாணை ஒன்று இடங்கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு இரண்டு வாரச் சம்பளம். முதுநிலை மாணவர் பட்டம் பெற்றுப் போகும் மாதத்திலும் இதையே செய்யலாம். அதற்கு அந்தச் செலவும் இல்லை.

அந்த இரண்டு வாரத்தில் மாத ஊசிக்கு வருகிற பழைய நோயாளிகளில் பாதிப் பேரையாவது இருவரும் சேர்ந்து பார்த்துவிடலாம். போகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம், "இவர் தூக்கம் குறைந்தால்தான் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம், அம்மாவைத் தனியாகக் கேளுங்கள், மகன் முன்னால் சொல்லமாட்டார்" என்று சொல்லுவார். நோட்டில் எழுத இடமில்லாத செய்தி அது. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நின்ற அந்தத் தாய், அன்றைக்கு இந்த மாதம் நடந்ததை மட்டும் சொன்னால் போதும்.